கோழி வைரஸ் மனித வைரஸாக மாறுவதை வகுப்பில் காட்டுவது எப்படி: களிமண், நான்கு லூடோ கட்டை, ஒரு மஞ்சப்பை புளியங்கொட்டை

நாமக்கல் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் கோழிப் பண்ணைக்குப் போய்வருபவர். தீவனம் போடுபவர், முட்டை பொறுக்குபவர், லாரியில் லோடு ஏற்றுபவர். ஆலப்புழையில் வாத்துகள் செத்தன என்று செய்தி வந்தால் எங்கள் ஊருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். வாளையாறு சோதனைச்சாவடியில் வண்டிகளுக்கு மருந்தடிப்பார்கள், முட்டை விலை இறங்கும், சத்துணவு முட்டையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் பிள்ளைகள் நாலு பேராவது இருப்பார்கள்.

2021 ஜனவரியில் அப்படி ஒரு செய்தி வந்தது. குட்டநாட்டு வாத்துகளில் ஹெச்5என்8 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ். கொரோனாவுக்காக மூடிக் கிடந்த பள்ளி 10, 12ஆம் வகுப்புகளுக்கு மட்டும் அப்போதுதான் திறந்திருந்தது. முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “டீச்சர், எங்கப்பா தினமும் கோழிகூடத்தான இருக்காரு, அவருக்கு ஏன் வரல? வவ்வால் வைரஸ் மட்டும் எப்படி எல்லாருக்கும் வந்துச்சு?”

நான் கரும்பலகையில் ஏற்பி, புரதம், திடீர்மாற்றம் என்று முழுப் பீரியடும் எழுதினேன். “சரி டீச்சர்” என்று சொல்லி உட்கார்ந்தாள். புரியவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல கேள்விக்கு நல்ல பதில் கொடுக்காமல் விட்டுவிட்டேன் என்ற வருத்தம். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்ததுதான் கீழே சொல்லும் இரண்டு பீரியட் பாடம். ஆசிரியர்கள் மட்டுமல்ல, வீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பெற்றோரும் செய்யலாம்.

தேவையானவை: உள்ளங்கை அளவு களிமண், பச்சையாகவும் காய்ந்ததாகவும் ஈர்க்குச்சிகள், பழைய அட்டைப் பெட்டி, ஒரு குழுவுக்கு நான்கு லூடோ கட்டை, எட்டுப் புளியங்கொட்டை, எட்டு வெள்ளை மொச்சை, ஒரு மஞ்சப்பை. தாயக்கட்டை வேண்டாம், அதற்கு நான்கு முகம்தான். கோழி இறகு, எச்சம், முட்டை ஓடு எதையும் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம். ஆர்வத்தில் சில பிள்ளைகள் எடுத்து வருவார்கள், முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதலில் பிழையிலிருந்து ஆரம்பியுங்கள். “கோழி மிதித்துக் குஞ்சு சாகாது” என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி முதல் பிள்ளையிடம் கொடுங்கள். பத்து வினாடிக்குள் அதைப் பார்த்து இன்னொரு சீட்டில் எழுதி அடுத்தவருக்குத் தர வேண்டும். அடுத்தவர் பழைய சீட்டைப் பார்க்கக் கூடாது, கையில் வந்ததைத்தான் பார்த்து எழுத வேண்டும். திருத்தவும் கூடாது. பதினைந்து பேர் போதும். முடிந்ததும் எல்லாச் சீட்டையும் வரிசையாகக் கரும்பலகையில் ஒட்டுங்கள்.

பெரும்பாலான பிழைகள் வெறும் குப்பையாக இருக்கும். “சாகது”, “குச்சு” என்று வரும். ஆனால் ஒரு வருடம் ஒன்பதாவது சீட்டில் ‘மி’யின் கொக்கி விட்டுப்போய், “கோழி மதித்துக் குஞ்சு சாகாது” என்று வந்தது. அதற்குப் பிறகு வந்த ஆறு சீட்டிலும் அதுவேதான். ஏனென்றால் ‘மதித்து’ என்பதும் தமிழில் ஒரு சொல், எழுதியவர்களுக்கு அதில் ஏதும் உறுத்தவில்லை. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். வைரஸ் மாறுவது இப்படித்தான். பறவைக் காய்ச்சலும் ஒரு வகை ஃப்ளூதான். ஃப்ளூ வைரஸின் மரபுச் செய்தி சுமார் 13,500 எழுத்து நீளம். நம் செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது பிழை பார்த்துத் திருத்த ஆள் உண்டு. ஃப்ளூ வைரஸின் நகலெடுப்பில் அந்த ஆள் இல்லை. நகலுக்கு ஓரிரு பிழை விழுவது சாதாரணம். பெரும்பாலானவை அந்த வைரஸுக்கே கெடுதல். எப்போதாவது ஒன்று, போகும் புது இடத்தில் பொருள் தருவதாக அமைந்துவிடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். “வைரஸ் தந்திரமா மாறிடுச்சு”, “மனுஷனப் பிடிக்கக் கத்துக்கிச்சு” என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்த வார்த்தையை வகுப்பில் விடாதீர்கள். அந்தச் சீட்டை எழுதிய பையன் ‘மதித்து’ என்று எழுத நினைக்கவே இல்லை. கை தவறியது, தவறியது நிலைத்தது, அவ்வளவுதான்.

அடுத்தது களிமண். ஓர் அட்டையில் காய்ந்த ஈர்க்குச்சிகளை நேராகச் செருகி நிறுத்துங்கள். இது கோழியின் குடல். இன்னொரு அட்டையில் பச்சை ஈர்க்குச்சிகளை நுனிக்குக் கொஞ்சம் கீழே மடித்துச் செருகுங்கள். காய்ந்தது ஒடிந்துவிடும் என்பதால்தான் பச்சை. இது மனித மூக்கு. நம் செல்களின் மேல் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஃப்ளூ வைரஸ் பிடித்துக்கொள்வது அதைத்தான். கோழியிலும் வாத்திலும் அந்தச் சர்க்கரை தன் அடுத்த சர்க்கரையோடு ஒரு விதமாக இணைந்து, கிட்டத்தட்ட நேராக நிற்கிறது. நம் மூக்கிலும் தொண்டையிலும் வேறு விதமாக இணைந்து மடிந்து நிற்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த மடிப்புதான் இத்தனை காலமும் நம்மைக் காத்துவருகிறது.

களிமண்ணை எலுமிச்சை அளவு உருட்டி, ஒரு நேர்க் குச்சியால் குத்தித் துளையிட்டு, அரை மணி நேரம் காயவிடுங்கள். அந்த உருண்டைதான் வைரஸ். அது கோழி அட்டையில் எந்தக் குச்சியிலும் அழகாக இறங்கி உட்காரும். மூக்கு அட்டையில் உட்காராது. இப்போது ஒரு மாணவரை விட்டுத் துளையைக் கோணலாகப் பெரிதாக்கச் சொல்லுங்கள். மடிந்த குச்சியிலும் உட்கார ஆரம்பிக்கும், ஆனால் நேர்க் குச்சியில் லொடலொடவென்று ஆடும். மனிதனுக்குப் பொருந்த வந்த வைரஸ் கோழியில் பிடிப்பை இழக்கும் என்பதை நான் சொல்வதற்கு முன்னால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

பிறகு மூன்றாவது அட்டையைக் காட்டுங்கள். அதில் மனித உடலை வரைந்து, மூக்கிலும் தொண்டையிலும் மடிந்த குச்சி, நுரையீரலின் அடி ஆழத்திலும் கண்ணிலும் நேர்க் குச்சி. ஆம், நமக்குள்ளும் கோழிக் குச்சி இருக்கிறது. பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அவசரப்படாமல் நில்லுங்கள். பறவைக் காய்ச்சல் வந்த மனிதருக்கு ஏன் நிமோனியா அத்தனை கடுமையாக வருகிறது? வைரஸ் மூக்கில் தங்காமல் ஆழத்தில் போய்ப் பிடிக்கிறது. ஏன் அவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவுவதில்லை? ஆழத்தில் இருப்பது இருமலிலும் தும்மலிலும் சுலபமாக வெளியே வராது. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் டெக்சாஸில் மாட்டுப் பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கு ஹெச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வந்தபோது அவருக்கு இருந்த முக்கியத் தொந்தரவு கண் சிவந்ததுதான். கண்ணில் எந்தக் குச்சி இருக்கிறது என்று அட்டையைப் பார்த்துப் பிள்ளைகளே சொல்லட்டும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு நிமிடம் போதும். கோழியின் உடல் சூடு 41 டிகிரி. நம் மூக்குக்குள் 33 டிகிரிதான். 41இல் வேகமாக ஓடும் கோழி வைரஸின் நகலெடுக்கும் இயந்திரம் 33இல் மந்தமாகிறது. சூடான நெய் ஓடுவதும் ஆறிய நெய் இழுப்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும், அதைச் சொல்லிவிட்டு, இது உவமைதான், வைரஸ் உறைவதில்லை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் ஒரு பாகமான பிபி2 புரதத்தில் 627ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் பாலூட்டிகளில் நகலெடுப்பு வேகம் பிடிக்கிறது. மனிதரில் பிடித்த ஹெச்5என்1 மாதிரிகளில் ஆய்வாளர்கள் முதலில் தேடுகிற இடங்களில் அது ஒன்று.

முதல் பீரியட் இதோடு முடியும். இரண்டாவது பீரியட் முழுவதும் விளையாட்டு.

குழுவுக்கு நான்கு கட்டை கொடுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பெயர். மூக்கில் ஒட்டுதல், குளிரில் பெருகுதல், உடலின் முதல் தடுப்பைத் தாண்டுதல், காற்றில் போகும் துளியில் கெடாமல் தாங்குதல். ஆறு விழுந்தால் அந்த மாற்றம் வந்துவிட்டது என்று பொருள். நான்கும் ஆறு ஆனால் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வைரஸ். நிஜத்தில் எண்ணிக்கை சரியாக நான்கும் இல்லை, வாய்ப்பு ஆறில் ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆட்டத்தின் அமைப்பு மட்டும் உண்மை.

முதல் ஆட்டத்தில் நான்கு கட்டையையும் சேர்த்து உருட்ட வேண்டும். நான்கும் ஆறு விழவில்லை என்றால் எல்லாவற்றையும் அள்ளி மறுபடி உருட்ட வேண்டும். மூன்று ஆறு விழுந்திருந்தாலும் அள்ளித்தான் ஆக வேண்டும், அப்போது பிள்ளைகள் போடும் கூச்சல் தலைமையாசிரியர் அறை வரை கேட்கும். பத்து நிமிடம் விடுங்கள். வாய்ப்பு 1,296இல் ஒன்று. ஒன்பது குழு உருட்டினாலும் பெரும்பாலும் யாருக்கும் விழாது. நான் இதை நடத்திய நான்கு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் விழுந்தது.

அந்தச் சோர்வு இருக்கும்போதே ஹாங்காங் கதையைச் சொல்லுங்கள். 1997 மே மாதம் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஹெச்5என்1 வந்து இறந்தான். வருடக் கடைசிக்குள் மொத்தம் 18 பேருக்கு வந்தது, ஆறு பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்தது கோழியிடமிருந்து நேரடியாக. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ச்சியாகப் போகவில்லை. அதாவது ஒவ்வொரு நோயாளியிடமும் வைரஸ் நான்கு கட்டையையும் அள்ளிப் புதிதாக உருட்டியது. டிசம்பர் இறுதியில் ஹாங்காங் அரசு 13 லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைச் சில நாளில் அழித்தது. உருட்டும் கையையே எடுத்துவிட்டார்கள். 2003 முதல் இன்று வரை உலகம் முழுவதும் ஹெச்5என்1 உறுதியான மனிதர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர், அவர்களில் பாதிக்கு நெருக்கமானோர் இறந்திருக்கிறார்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் வருவது குறைவு என்பதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் பயந்துபோவார்கள். இந்தியாவில் 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிகளில் முதலில் கண்டார்கள். இங்கே மனித உயிரிழப்பு என்று முதலில் பதிவானது 2021இல், ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். ஆறு விழுந்த கட்டையைத் தொட வேண்டாம், அப்படியே கீழே இருக்கட்டும். விழாததை மட்டும் எடுத்து உருட்டுங்கள். எத்தனை சுற்றில் நான்கும் ஆறு ஆகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள்.

சராசரி 12 சுற்று. சில குழு ஏழிலேயே முடிக்கும், சில இருபதைத் தாண்டும். ஆனால் எல்லோரும் முடித்துவிடுவார்கள். முதல் ஆட்டத்தில் பத்து நிமிடம் உருட்டியும் விழாதது, ஐந்தே நிமிடத்தில் வகுப்பு முழுக்க விழுந்து கிடக்கும். சத்தம் தானாக அடங்கும். போன வருடம் முன் பெஞ்சுப் பையன் ஒருவன் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப தொடர்ந்து பரவ விடக்கூடாது டீச்சர்” என்றான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கீழே கிடக்கும் கட்டை என்பது ஒரு பாலூட்டியிடமிருந்து இன்னொரு பாலூட்டிக்கு வைரஸ் சங்கிலியாகப் போவது. ஒருவரிடம் விழுந்த நல்ல பிழை அடுத்தவருக்கும் கைமாறுகிறது. 2022 அக்டோபரில் ஸ்பெயினின் கலிசியா பகுதியில், ரோமத்துக்காக மிங்க் என்ற கீரி போன்ற பிராணியை வளர்க்கும் ஒரு பண்ணைக்குள் ஹெச்5என்1 நுழைந்து கூண்டுக்குக் கூண்டு பரவியது. ஏறக்குறைய 52,000 மிங்குகளைக் கொல்ல வேண்டியிருந்தது. வேலை செய்தவர்கள் யாருக்கும் நோய் வரவில்லை. அப்படியிருந்தும் உலகமே அந்தப் பண்ணையைத் திரும்பிப் பார்த்தது, கட்டை கீழே கிடக்க ஆரம்பித்துவிட்டது என்பதால்தான். 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் கண்டபோதும் அதே கவலை. அங்கே வைரஸ் மடியில் பெருகி, பால் கறக்கும் இயந்திரம் வழியாக மாட்டுக்கு மாடு போனது. மாட்டின் மடிக்குப் பொருந்தும் மாற்றம் நம் மூக்குக்கும் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை, அதையும் விளக்குங்கள். 2025 தொடக்கம் வரை அங்கே 70 பேருக்கு வந்தது, பெரும்பாலும் மாட்டுப் பண்ணையிலும் கோழிப் பண்ணையிலும் வேலை பார்த்தவர்கள். மனிதருக்கு மனிதர் பரவியதாகக் காணவில்லை.

இதே ஆட்டத்தை ஆய்வுக்கூடத்திலும் ஆடிப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் ரான் ஃபூஷியே என்ற வைரஸ் ஆய்வாளரின் குழு, ஃபெரட் என்ற சிறு பிராணியிலிருந்து இன்னொரு ஃபெரட்டுக்கு வைரஸைப் பத்து முறை மாற்றிக்கொண்டே போனது. கடைசியில் அது பக்கத்துக் கூண்டுக்குக் காற்றிலேயே போனது. அதற்குத் தேவைப்பட்ட மாற்றங்கள் கைவிரல்களில் எண்ணிவிடக்கூடியவை. 2012இல் அது வெளியாவதற்கு முன், வெளியிடலாமா கூடாதா என்று உலகம் முழுக்கப் பெரிய வாதம் நடந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வாதத்தை நன்றாகவே நடத்துவார்கள், நேரம் இருந்தால் விடுங்கள்.

கடைசியாகப் புளியங்கொட்டை. ஃப்ளூ வைரஸின் மரபுச் செய்தி ஒரே கயிறாக இல்லை, எட்டுத் துண்டாக இருக்கிறது. எட்டுப் புளியங்கொட்டையில் ஒயிட்னரால் 1 முதல் 8 வரை எழுதுங்கள். இது கோழி வைரஸ். எட்டு மொச்சையில் ஸ்கெட்ச் பேனாவால் 1 முதல் 8. இது ஊரில் ஏற்கெனவே சுற்றும் மனித ஃப்ளூ. இரண்டையும் மஞ்சப்பையில் போட்டுக் குலுக்குங்கள். பை என்பது இரண்டு வைரஸும் ஒரே நேரத்தில் புகுந்த ஒரே செல். பன்றியின் மூச்சுக்குழாயில் இரண்டு வகைக் குச்சியும் இருப்பதால் அங்கே இது நடக்க வசதி அதிகம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுங்கள். எடுத்த எண்ணே மறுபடி வந்தால் திருப்பிப் போடுங்கள். எட்டு எண்ணும் சேர்ந்தால் ஒரு புது வைரஸ்.

மொத்தம் 256 விதமாக வரலாம். அவற்றில் இரண்டைக் கரும்பலகையில் முன்கூட்டியே எழுதி ஒரு தாளால் மூடிவையுங்கள். 2, 4, 6 புளியங்கொட்டை, மற்றவை மொச்சை: இது 1957இல் உலகம் சுற்றிய ஃப்ளூ. 2, 4 மட்டும் புளியங்கொட்டை: இது 1968. நான்காம் துண்டு வைரஸின் மேலே நீட்டியிருக்கும் ஒட்டும் புரதம். அது பறவையிலிருந்து புதிதாக வந்தால் நம் உடலுக்கு அந்த முகம் தெரியாது. மீதி மொச்சையாக இருப்பதால் மனிதருக்குள் ஓடவும் அதற்குத் தெரியும். இரண்டும் சேர்ந்ததால்தான் அந்த இரண்டு வருடமும் அத்தனை உயிர் போனது. வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது 1968 காய்ச்சல் நினைவிருக்கிறதா என்று கேட்டுவரச் சொல்லுங்கள்.

மூன்றாவது வருடம் ஒரு மாணவி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். மொச்சை, புளியங்கொட்டை, மொச்சை, புளியங்கொட்டை, பிறகு நான்கும் மொச்சை. நான் மூடியிருந்த தாளை எடுத்தேன். கரும்பலகையையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

முதலில் கேட்ட கேள்விக்கு இந்த இரண்டு பீரியடின் முடிவில் பதில் சொல்லிவிடலாம். அப்பாவின் ஷெட் கோழிகளுக்கு அந்த நோய் இல்லை என்பது முதல் பதில். இருந்திருந்தாலும் வைரஸ் அவர் மூக்கு அட்டையில் உட்கார இடமில்லை, கண்ணும் ஆழ நுரையீரலும்தான் வழி. அதனால் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டியதும் அதிலிருந்தே வருகிறது. செத்த கோழியை வெறும் கையால் தூக்காமல் உறையோ பாலிதீன் பையோ போட்டுத் தூக்க வேண்டும். ஷெட்டில் தூசி பறக்கும்போது மூக்கை மூட வேண்டும், கை கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது. ஒரே நாளில் நிறையக் கோழி செத்தால் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும், விலை போய்விடும் என்று மறைக்கக் கூடாது. வேகவைத்த முட்டையில் எந்தப் பயமும் இல்லை, 70 டிகிரி சூடு உள்ளே வரை போனால் வைரஸ் செத்துவிடும். எங்கள் சத்துணவு அக்கா அதைவிட அதிகமாகவே வேகவைக்கிறார்.

அப்புறம், செய்தித்தாளில் வரும் விலங்கு வைரஸ் செய்திகளை வெட்டி ஒட்ட ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் கீழே பிள்ளைகள் ஒரு வரி எழுத வேண்டும்: கட்டையை அள்ளியதா, கீழே வைத்ததா? ஒருவருக்குக் கோழியிடமிருந்து வந்து அவரோடு முடிந்தது என்றால் அள்ளியது. வீட்டில் இன்னொருவருக்கு, மருத்துவமனையில் செவிலியருக்கு என்று போனால் வைத்தது. என் மாணவர்கள் இப்போது செய்தியைப் படித்தால் ‘எத்தனை பேர்’ என்று பார்ப்பதற்கு முன் ‘யாரிடமிருந்து’ என்று பார்க்கிறார்கள். டெக்சாஸ் மாட்டுச் செய்திக்குக் கீழே ஒரு பையன் எழுதியிருந்தான்: “மாட்டுக்கு வைத்தது. மனுஷனுக்கு அள்ளியது. இன்னும் பார்க்கணும்.” நான் முழு மதிப்பெண் போட்டேன்.

மொச்சையில் வண்டு விழும், வருடா வருடம் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். புளியங்கொட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஒயிட்னர் மட்டும் உதிரும், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எண்களை மறுபடி ஒரு முறை எழுதிவிட்டால் போதும்.